ஞாயிற்றுக்கிழமை ஓலை

சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் பாகுதா நதிக்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். அங்குள்ள விநாயகர் கிணற்றினுள் தாமே தோன்றியவர் என்பதும், குலோத்துங்க சோழன் கோயில் எடுப்பித்தான் என்பதும் தலவரலாறு. ஆயினும் அத்தலத்தின் தனிப்புகழ் வேறொன்றைப் பற்றியது. கொடுக்கல் வாங்கலிலோ குடும்பத்திலோ வழக்குண்டானவர்கள் அங்கே குளத்தில் நீராடிச் சந்நிதியில் நின்று, பலரறியச் சத்தியம் செய்வர். பலர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லிய சொல் மனிதனைக் கட்டும் என்னும் நம்பிக்கையே அவ்வழக்கத்தின் உயிர்நிலை.

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் கோயிற் சத்தியமன்று. கிறித்தவ ஆலயத்தில் ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் வார அறிவிப்பு. ஆனால் காணிப்பாக்கத்துப் படித்துறையில் நின்றபோதுதான் இவ்வெண்ணம் நமக்கு உதித்தது. ஆகவே அங்கிருந்தே தொடங்கினோம்.

சித்தூர்ப் பகுதிக்குச் சீர்திருத்தக் கிறித்தவம் இங்கிலாந்துத் திருச்சபையின் வழியாக மட்டும் வந்ததென்று எண்ணுதல் பிழை. 1853இல் ஸ்கடர் குடும்பத்தார் நிறுவிய ஆர்க்காட்டு மிஷன், அந்நாளில் வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராயிருந்த சித்தூரைத் தன் முதல் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டது. அவர்கள் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையினர். அத்தியட்சரின்றி மூப்பர்களைக் கொண்டு சபையை நடத்தியவர்கள். திருப்பதியிலோ ஜெர்மானிய லூதரன் மிஷனார் பள்ளி நடத்தினர். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் இளமையில் பயின்றது அப்பள்ளியிலேயே. ஆர்க்காட்டுச் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் அவ்வைக்கிய சபையும், மெதடிஸ்தரும், ஆங்கிலிக்கரின் தென்னாட்டு அத்தியட்சாதீனங்கள் நான்கும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்றுமுதல் மூப்பர் வழிச் சபைகளும் ஜெப புத்தக வழிச் சபைகளும் ஒரே குடும்பம். ஆனால் வார அறிவிப்பின் வேரைக் காண, அந்த ஜெப புத்தகம் ஊறிப்போன திருநெல்வேலிச் சீமைக்கே நாம் செல்ல வேண்டும்.

ஆலயத்தில் அறிவிப்பு வாசிப்பதைப் பலர் வழிபாட்டுக்கு இடையே வரும் உலகியல் அலுவலாகக் கருதுகின்றனர். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெப புத்தகம் அவ்வாறு கருதவில்லை. நற்கருணை ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிந்தபின், வரும் வாரத்தில் ஆசரிக்க வேண்டிய திருநாட்களையும் உபவாச நாட்களையும் குருவானவர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. தீயாலும் பிற இடர்களாலும் கேடுற்ற ஊர்களுக்குப் பொருள் திரட்டும் கடிதங்கள் வாசிக்கப்படும் இடமும் அதுவே. எங்கோ ஓர் ஊர் எரிந்த செய்தி, அதைக் கண்ணாலும் காணாத மற்றோர் ஊரின் காணிக்கைத் தட்டில் காசாக விழுந்தது. அச்சகமும் தபாலும் வலுப்பெறாத காலத்தில், எழுத்தறியாத உழவனுக்குச் செய்தித்தாள் இதுவன்றி வேறு ஏது?

அறிவிப்புகளுள் தலையாயது திருமண அறிவிப்பு. இதற்குத் தமிழ்க் கிறித்தவர் வைத்த பெயர் ‘ஓலை’. ஓலை வாசித்தல், ஓலை கூறுதல் என்பர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின்மீது தனிக்காதல் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடி அகராதியைப் புரட்டியிருந்தால் ‘விவாகப் பிரசித்த அறிக்கை’ என்று ஏதோவொன்று பிறந்திருக்கும். பனைமரத்தையே வாழ்வாகக் கொண்டிருந்த மக்களோ கைக்கெட்டிய சொல்லை எடுத்து வைத்தனர். தாள் வந்து, அச்சு வந்து, தட்டெழுத்து வந்தும் அது ஓலையாகவே நிற்கிறது.

மூன்று ஞாயிறுகளில் மணமக்கள் இருவர் பெயரும் பெற்றோர் பெயரும் ஊரும் சபையார் முன் வாசிக்கப்படும். தடை அறிந்தவர் எழுந்து சொல்லலாம். பெரும்பாலும் எவரும் எழுவதில்லை. முதல் ஓலையன்று பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பும், மணமகன் பக்கத்துத் தோழரிடையே ஓர் அடக்கிய சிரிப்பும் எழுவதோடு சரி. ஆனால் அந்த மூன்று வார மௌனத்தின் பயன் சிறிதன்று. பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவன், சென்ற இடத்தில் ஒரு குடும்பத்தை வைத்துவிட்டு ஊரில் இன்னொரு பெண்ணை மணக்க வந்தால், அதை அறிந்தவன் ஒருவனேனும் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும். வழக்காட வசதியற்ற ஏழைப் பெண்ணுக்கு அந்த மௌனமே காப்பு.

ஆராதனை முடிந்தபின் வாசலில் நிகழ்வது மற்றொரு வகைச் செய்தி. தென்பாண்டிச் சபைகளில் காணிக்கை காசாக மட்டும் வருவதில்லை. கருப்பட்டி, முட்டை, கோழி, முருங்கைக்காய், முதற்குலை வாழை எல்லாம் வரும். அவை ஏலம் விடப்படும். பத்துப் பைசா பெறாத பூசணிக்காயைப் போட்டியில் பத்து ரூபாய்க்கு ஏற்றி எடுத்து, அதை மறுபடியும் ஆலயத்துக்கே கொடுத்துச் செல்லும் பெருமிதக்காரர் எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு. இல்லத்தரசியர் சோறு சமைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் இட்டு வைப்பர். அந்தப் பிடியரிசியும் ஆலயம் வந்து சேரும். யார் வந்தார், யார் வரவில்லை, யார் வீட்டில் காய்ச்சல், யார் மகன் ரயிலேறினான் என்பவை அந்த ஏலத்தின் நடுவே பரிமாறப்படும். வாரச் செய்தி போதாதவர்க்கு மாதச் செய்தியும் இருந்தது. 1849 முதல் வெளிவந்த ‘நற்போதகம்’ தமிழின் நெடுநாள் இதழ்களுள் ஒன்று.

இத்தகைய சபை வெளியூர் சென்றவனை என்ன செய்தது? இதுவே நம் போன்றோருக்கு முக்கியமான வினா. இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழர் திரளாகச் சென்ற காலத்தில், 1854இல் அங்கே தமிழ்க் கூலி மிஷன் என்பது தோன்றியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் அங்கே சென்று தமிழிலேயே ஆராதனை நடத்தினர். பிரிந்து சென்றவனைத் தொடர்ந்து ஊரின் குரல் சென்றது எனலாம். அது ஒரு வழி.

மற்றொரு வழியைக் காட்டியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் குருவானவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் எழக் காரணமானவர்களுள் முதல்வர். இந்தியப் பொருளைக் கொண்டே, இந்தியரே நடத்தும் ஊழியம் என்பது அச்சங்கத்தின் உறுதி. பனையேறிகளின் சபைகளிலிருந்து திரண்ட பொருள் சென்ற இடமோ தமிழ்நாடன்று. நிஜாம் ஆட்சியிலிருந்த தெலுங்குப் பகுதியாகிய தோர்ணக்கல். 1909இல் அசரியா அங்கேயே குடிபுகுந்தார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். தெலுங்கைக் கற்று, தெலுங்கு மக்களிடையே வாழ்ந்து, 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே மறைந்தார். அவர் எழுப்பிய பேராலயம் 1939இல் திறக்கப்பட்டது. அதன் குவிமாடங்கள் மசூதியையும் தூண்கள் கோயிலையும் நினைவூட்டும். தமிழ்ச் சபையில் அறிவிக்கப்பட்ட செய்தி தெலுங்குச் சபையாக உருக்கொண்ட வரலாறு இது. நம்மவர் இவரை இன்னும் போதிய அளவு அறியவில்லை என்பது நம் மனக்குறை.

சித்தூர்க்காரர் நிலை இவ்விரண்டிலும் சேராது. அவர்கள் எங்கும் செல்லவில்லை. எல்லைக்கோடுதான் இடம் பெயர்ந்தது. 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகம் திரும்பிற்று. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன. 2022இல் சித்தூர் மாவட்டமும் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாகியது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கடைவீதியில் இரண்டும் என வாழும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களை நாம் வேற்று மாநிலத் தமிழர் என்பதா, சொந்த ஊர்த் தமிழர் என்பதா?

ஜெப புத்தகத்தில் இதற்கு விடை போன்ற ஒரு விதி உண்டு. மணமக்கள் இருவேறு சேகரங்களில் வசிப்பராயின், ஓலை இரண்டு இடங்களிலும் வாசிக்கப்பட வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் வாசித்தால் செல்லாது; மற்றச் சேகரத்தின் சான்று கைக்கு வந்தபின்பே குருவானவர் திருமணத்தை நடத்தலாம். பிறந்த ஊரும் கேட்க வேண்டும், பிழைக்கும் ஊரும் கேட்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

நாம் பணியாற்றும் வடநாட்டு நகரில் ஒரு ஞாயிறு, தென்பாண்டிப் பெண்ணொருத்தியின் ஓலையை உள்ளூர்க் குருவானவர் இந்தியில் வாசிக்கக் கேட்டோம். அவளுடைய ஊர்ப்பெயரில் வரும் ழகரம் அவர் நாவில் ஏறவில்லை. மூன்று முறை முயன்று, மூன்று விதமாகச் சொல்லி, இறுதியில் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணின் தந்தை எழுந்து நின்று, ஊர்ப்பெயரைத் திருத்தமாக ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு அமர்ந்தார். அடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் குருவானவர் அப்பெயரை வாசிக்குமுன் அவர் முகத்தை நோக்கினார். அவர் எழுந்து சொன்னார்.