கட்டத்துக்குள் சூலூர்

ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான். அந்த வழக்கம் பழைய கணினித் திரைக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் வந்தது. எழுத்துக்கு ஒரு கட்டம். அதற்குள் புள்ளிகளால் உருவம். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அகலத்தில் 5, உயரத்தில் 7 புள்ளிகள் போதும்.

தமிழுக்குப் போதாது. நம்ம ஊர்ப் பெயரையே பாருங்கள். சூ, லூ இரண்டுக்கும் கீழேயும் பக்கத்திலும் சுழிக்க இடம் வேண்டும். ர் தலையில் புள்ளி வேண்டும். 7 புள்ளி உயரத்தில் சு எது, சூ எது என்றே தெரியாது. ண, ன வேறுபாடும் ஒரே ஒரு சுழிதான்.

பெரியார் வழி எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றது. ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் பழைய வடிவங்கள் போயின. இயந்திரத்துக்கும் சுமை குறைந்தது. உகர, ஊகார வரிசைகள் அப்படியே நின்றன. கரூர்ப் பக்கத்தில் பிறந்த வா.செ. குழந்தைசாமி அவற்றையும் ஒரே சீரான குறிகளாக்கச் சொன்னார். பிள்ளைகள் கற்பது எளிதாகும் என்பது அவர் வாதம். அது நடந்திருந்தால் சூலூர் என்று எழுதும் விதமே மாறியிருக்கும்.

நடக்கவில்லை. அதற்குள் திரையில் புள்ளிகள் பெருகின. எழுத்துக்கு ஏற்ற அகலமும் கிடைத்தது. இன்று கைப்பேசியில் சூலூர் சுழி குறையாமல் தெரிகிறது. குழந்தைசாமியின் கேள்வி பள்ளிக்கூடத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் இயந்திரத்துக்காக எழுத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.