உழைத்து ஓய்ந்தோரும் தோட்ட மருத்துவமும்

மலைநாட்டுத் தமிழர் வரலாற்றில் கப்பலேறி வந்த கதையும் காடு திருத்திய கதையும் பலமுறை சொல்லப்பட்டுள்ளன. உழைத்து ஓய்ந்தவர் நோயுற்றபோது மருந்தளிக்கும் கடமை யாருடையதாக இருந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து அதனை ஆராய்வோம்.

பகாங் மாநிலத்தின் இம்மலைப் பகுதியை 1885இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. குளிர் நிறைந்த சரிவுகளில் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளியோருள் தமிழர் பெரும்பங்கினர்.

இத்தோட்டங்கள் எழுமுன்பே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு குடியிருப்பையும் மருத்துவத்தையும் முதலாளியின் பொறுப்பாக்கியிருந்தது. தோட்ட மருந்தகமும் அங்கிருந்த டிரசரும் அப்பொறுப்பின் அடையாளங்கள். ஆயினும் அதன் அடிப்படை வேலையே. பெயர்ப் பதிவேட்டில் பேர் உள்ளவரை வீடும் மருந்தும் உண்டு. பேர் நீங்கினால் இரண்டும் ஐயத்திற்குரியவை.

அங்ஙனமாயின் முதியோர் என்ன ஆயினர்? 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்ப முதலாளிகள் அதற்குப் பணம் செலுத்தினர். ஆள் அழைத்துவரவே அந்நிதி பிறந்ததெனினும், உழைக்க இயலாதவரைத் தாயகம் அனுப்பவும், கோலாலம்பூரில் அவர்களுக்கொரு விடுதி நடத்தவும் அதிலிருந்து செலவிடப்பட்டது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பயணத்தில் அனுப்புவதைத் தடை செய்தது. எஞ்சிய பணம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாயிற்று. 1999இல் அதுவும் கலைக்கப்பட்டது. முதலாளிகளின் பணம் முதியோரைத் தாங்கிய பொதுநிதி அத்துடன் மறைந்தது.

இடைக்காலத்தில் வேறு காப்புகள் வந்தன. 1951இல் ஊழியர் சேமநிதி உருவாயிற்று. முதலாளியும் தொழிலாளியும் அதற்குச் சந்தா செலுத்தினர். 55 வயதில் கைக்கு வந்த தொகை அது. குறைந்த கூலிக்கேற்ற சிறு சேமிப்பு, பிள்ளையின் திருமணத்திற்கோ வீட்டிற்கோ செலவானபின் மருத்துவத்திற்கு என்ன மிஞ்சும்? 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த சொக்சோ, வேலையில் நேர்ந்த விபத்துக்கும் வேலையால் விளைந்த நோய்க்கும் உதவிற்று. மூப்பினால் வரும் மூட்டுவலியும் இளைப்பும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

எனவே, அரசாங்க ஊழியர் ஓய்வுபெற்ற பின்னும் அரசு மருத்துவமனையில் இலவச மருத்துவம் பெற, கொழுந்து கிள்ளியவருக்கு முதலாளியின் மருந்து வேலையோடு முடிந்தது. அதன்பின் அவர் நாடக்கூடியவை பிள்ளைகளின் ஆதரவும், தானா ராத்தாவிலுள்ள அரசு மருத்துவமனையுமே. குறைந்த கட்டணத்தில் மருத்துவம் தந்து அரசு அவரைக் கைவிடாது காத்தது உண்மை. ஆனால் அவ்வுழைப்பால் பயன் பெற்றவரின் கடமை பொதுமக்களின் வரிப்பணத்திற்கு மாறியது என்பதும் உண்மையே.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊர் முதியோரிடம் தோட்ட மருந்தகத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். சட்டநூல் சொல்லாத வரலாறு அவர்களிடம் இருக்கிறது.