பென்ட்லி ஆறே முக்கால் லிட்டர் வி8 எந்திரம்

ஆறே முக்கால் லிட்டர் வி8 எந்திரம் என்பது இங்கிலாந்தின் குரூ நகரில் தயாரிக்கப்பட்டு, ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி ஆகிய சொகுசுத் தானுந்துகளில் பொருத்தப்பட்டு வந்த எட்டு உருளைப் பெட்ரோல் எந்திரம் ஆகும். 1959 ஆம் ஆண்டு அறிமுகமான இது 2020 வரை உற்பத்தியில் இருந்தது. புதிய மாதிரி ஒன்றிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும் அதே மாதிரிக்குள் மீண்டும் இடம்பிடித்தது இதன் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

அமைப்பு

தொடக்கத்தில் இதன் கொள்ளளவு 6,230 கன செ.மீ. ஆக இருந்தது. பின்னர் அது 6,750 கன செ.மீ. ஆக உயர்த்தப்பட்டதால் இப்பெயர் நிலைத்தது. இரு உருளை வரிசைகளுக்கும் நடுவே அமைந்த ஒரே கேம் தண்டு, தள்ளுகோல்கள் வழியாக வால்வுகளைத் திறக்கும். இவ்வகை எந்திரம் மிக வேகமாகச் சுழலாது. ஆனால் குறைந்த சுழற்சியிலேயே பெரும் முறுக்குவிசையைத் தரும். ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ள தானுந்தை ஓசையின்றி நகர்த்துவதற்கு இதுவே தேவை. 1982 இல் வெளிவந்த மல்சான் டர்போவில் டர்போ இணைக்கப்பட்டது.

நீக்கமும் மீள்வருகையும்

1990களில் ரோல்ஸ்-ராய்ஸ் மோட்டார் கார்ஸ் நிறுவனம் விக்கர்ஸ் குழுமத்துக்கு உரியதாக இருந்தது. தனக்கெனப் புதிய எந்திரம் வடிவமைப்பது அதற்குப் பெரும் செலவு. எனவே 1998 இல் வெளிவந்த இரு மாதிரிகளும் செருமனியின் பி.எம்.டபிள்யூ எந்திரங்களையே பெற்றன. ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் செராஃப் 5.4 லிட்டர் வி12 எந்திரத்தையும், பென்ட்லி ஆர்னாஜ் இரட்டை டர்போ கொண்ட 4.4 லிட்டர் வி8 எந்திரத்தையும் கொண்டிருந்தன. பழைய எந்திரம் கான்டினென்டல் ஆர் போன்ற முந்தைய மாதிரிகளில் மட்டும் எஞ்சியது. அம்மாதிரிகளோடு அதுவும் மறையும் என்பதே பொதுவான கணிப்பு.

அதே ஆண்டில் விக்கர்ஸ் நிறுவனத்தை விற்க முன்வந்தது. 34 கோடி பவுண்டு தர முன்வந்த பி.எம்.டபிள்யூவை விஞ்சி, வோல்க்ஸ்வேகன் 43 கோடி பவுண்டுக்கு அதனை வாங்கியது. எனினும் ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரின் உரிமை வானூர்தி எந்திர நிறுவனமான ரோல்ஸ்-ராய்ஸ் பி.எல்.சி.யிடம் இருந்தது. பி.எம்.டபிள்யூ அதை 4 கோடி பவுண்டுக்குப் பெற்றது. தொழிற்சாலை ஒருவரிடம், பெயர் மற்றொருவரிடம்! எந்திரம் வழங்குவதை ஓராண்டு முன்னறிவிப்புடன் நிறுத்தும் உரிமையும் பி.எம்.டபிள்யூவிடம் இருந்தது. அடுத்த பென்ட்லிக்கு எந்திரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இதனால் குரூ தொழிற்சாலையின் பிழைப்பையே தொட்டது. 2002 இறுதி வரை ரோல்ஸ்-ராய்ஸ் தானுந்துகளை வோல்க்ஸ்வேகன் தயாரிக்கும், அதன் பின் பி.எம்.டபிள்யூ தயாரிக்கும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

வோல்க்ஸ்வேகன் கண்ட விடை பழைய எந்திரமே. 1999 இல் வெளியான ஆர்னாஜ் ரெட் லேபிள் மாதிரியில் அது மீண்டும் பொருத்தப்பட்டது. பி.எம்.டபிள்யூ எந்திரம் 350 குதிரைத்திறனும் சுமார் 570 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. நாற்பது ஆண்டு பழைய வடிவமைப்போ 400 குதிரைத்திறனும் 835 நியூட்டன் மீட்டரும் தந்தது.

பிற்காலம்

2003 இல் வந்த கான்டினென்டல் ஜிடி, 6 லிட்டர் டபிள்யூ12 எந்திரத்துடன் வெளியானது. அதன் பின்னரும் 2010 இல் உற்பத்தி தொடங்கிய புதிய மல்சான் மாதிரிக்குப் பழைய வி8 எந்திரமே திருத்தியமைக்கப்பட்டது. சுமை குறையும்போது பாதி உருளைகளை நிறுத்தும் வசதி சேர்க்கப்பட்டு, 1,020 நியூட்டன் மீட்டர் எட்டப்பட்டது. 2020 சூனில் மல்சானுடன் இதன் உற்பத்தி முடிந்தது. மொத்தம் சுமார் 36,000 எந்திரங்கள் கையால் பூட்டப்பட்டன. டபிள்யூ12 எந்திரத்தின் உற்பத்தியும் 2024 சூலையில் நிறைவடைய, அதன் இடத்தை மின்னோடி இணைந்த 4 லிட்டர் கலப்பு வி8 பெற்றது.