கொம்பு எங்கே நிற்கணும்? லினக்ஸ் திரைக்குத் தமிழ் வந்த கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுத்த எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடில் ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். "கொ" என்ற எழுத்தைக் கணினி எப்படி வரையுது?

நாம கையால எழுதும்போது முதல்ல கொம்பு போடுவோம், அப்புறம் க, அப்புறம் கால். மூணு உருவம். ஆனா கணினியின் நினைவகத்துல யூனிகோடு முறையில இருக்கிறது ரெண்டே ரெண்டு எண்தான். முதல்ல க-வுக்கு ஒண்ணு, அடுத்து ஒகரக் குறிக்கு ஒண்ணு. அந்த ரெண்டாவது எண்ணைப் பிரிச்சு, பாதியைத் தூக்கி க-வுக்கு முன்னாடி வைக்கணும், மீதியைப் பின்னாடி வைக்கணும். இதைத் திரை தானாகச் செய்யாது. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து நிரல் எழுதி வச்சாத்தான் செய்யும். அந்த யாரோ ஒருத்தர் யார் யார் என்பதுதான் இன்னைக்குக் கதை.

நான் பேசுறது ராயக்கோட்டையிலிருந்து. ஓசூர், சூளகிரி, எங்க ஊர் என்று இந்தப் பக்கம் முழுக்கத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும். ஒரே வீட்டில் மூணும் கேட்கும். அதனால எழுத்து வடிவ வித்தியாசம் எங்களுக்குச் சின்ன வயசிலேயே கண்ணுக்குப் பழகிடும். கன்னடத்தில் "அம்மா"ன்னு எழுதும்போது இரண்டாவது மகரம் முதல் மகரத்துக்குக் கீழே போய் ஒட்டிக்கும். தெலுங்கிலும் அப்படித்தான். தமிழில் புள்ளி வச்சுட்டு அடுத்த எழுத்துக்குப் போயிடலாம், எழுத்துக்குக் கீழே எழுத்து வராது. அந்த வகையில நம்ம எழுத்து எளிமையானது. ஆனா "எளிமை"ன்னா "சுலபம்"னு அர்த்தமில்லை. கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி எல்லாம் எழுத்துக்கு முன்னாடி வரும். உகர, ஊகார வரிசையில பதினெட்டு மெய்க்கும் தனித்தனி உருவம், மொத்தம் 36. கு மாதிரி சு இருக்காது, சு மாதிரி டு இருக்காது. ஆங்கிலத்துக்காகச் செய்த லைப்ரரிக்கு இதெல்லாம் புரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே கணக்கு: ஒரு எண், ஒரு படம், அடுத்த எண், அடுத்த படம்.

இந்தியாவில் இந்தச் சிக்கலுக்கு முதல்ல வந்த பெரிய விடை ஒரு கார்டு. 1980களில் ஐஐடி கான்பூரில் வளர்ந்து, பிறகு சிடாக் எடுத்து நடத்திய ஜிஸ்ட் திட்டம் அது. கணினிக்குள்ள ஒரு தனி கார்டைச் செருகினா, இந்திய எழுத்துகளை வரையும் வேலையை அந்தக் கார்டே பார்த்துக்கும். அதோட சேர்ந்து வளர்ந்ததுதான் இஸ்கி என்ற குறிமுறை. 1988-ல் வந்த இஸ்கி வடிவத்தை அடிப்படையாக வச்சுத்தான் 1991-ல் யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியது. இஸ்கியும் யூனிகோடும் உச்சரிப்பு வரிசையில் எழுத்தைச் சேமிக்கும். அதாவது க முதல்ல, குறி பின்னாடி. இடம் மாத்துற வேலை வரையறவன் தலையில.

1990களின் கடைசியில் இணையத்தில் தமிழ் எழுதினவங்க இதுக்காகக் காத்திருக்கலை. அவங்க வேற வழி கண்டுபிடிச்சாங்க. மின்னஞ்சல் குழுக்களில் பேசிப் பேசி உருவாக்கின திஸ்கி குறிமுறை அப்படிப்பட்டது. 256 இடம் உள்ள அட்டவணையில் கீழ்ப் பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுட்டு, மேல்பாதியில் தமிழ் உருவங்களையே வரிசையா அடுக்கினாங்க. கொம்பு ஒரு எண், க ஒரு எண், கால் ஒரு எண். கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே சேமிச்சுட்டா, இடம் மாத்துற வேலையே இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்ற குறிமுறைகளை ஏத்துக்கிட்டது. அடிப்படை யோசனை அதேதான்: எழுத்தை இல்லை, உருவத்தை எண்ணு. லைப்ரரி எதுவும் மாற வேண்டாம், ஒரு ஃபான்ட் போதும். அன்னைக்கு அது புத்திசாலித்தனமான வழி.

மைக்ரோசாஃப்ட் 2000-ல் வந்த விண்டோஸ் 2000-ல் யூனிகோடு தமிழை வரைய யூனிஸ்கிரைப் என்ற பகுதியையும் லதா என்ற எழுத்துருவையும் சேர்த்தது. நல்ல வேலைதான். ஆனா அது மூடிய நிரல். லினக்ஸ் வச்சிருந்தவங்களால அதைத் தொடக்கூட முடியாது. அப்போ வீட்டுக் கணினியில் லினக்ஸ் வச்சிருந்த தமிழர்கள் ரொம்பச் சின்னக் கூட்டம். எந்தக் கம்பெனிக்கும் அவங்க சந்தையே இல்லை. அப்படின்னா யார் செய்வாங்க? தேவைப்பட்டவங்களும், தேவையே இல்லாத சில அந்நியர்களும் செஞ்சாங்க.

அன்னைக்கு லினக்ஸ் திரையை எக்ஸ் விண்டோ பார்த்துக்கிட்டது. ஃபான்ட் எல்லாம் எக்ஸ் சர்வர்கிட்ட இருக்கும். "இந்த எண்ணுள்ள உருவத்தை இந்த இடத்தில் போடு"ன்னு செயலி கேட்கும், சர்வர் போடும். எழுத்தின் கோட்டு வடிவத்தைச் செயலியால எட்டிப் பார்க்கவே முடியாது. இந்த நேரத்தில்தான், 1999 வாக்கில், ஓவன் டெய்லரும் ரேஃப் லேவியனும் பாங்கோ என்ற லைப்ரரியைத் தொடங்கினாங்க. கிரேக்கத்தில் "பான்" என்றால் எல்லாம், ஜப்பானியத்தில் "கோ" என்றால் மொழி. எல்லா மொழியும் என்று பெயர். ஒவ்வொரு எழுத்து முறைக்கும் ஒரு தனி மாட்யூல், அந்த எழுத்து தெரிஞ்சவங்க எழுதித் தரலாம் என்பது திட்டம்.

பாங்கோவின் ரீட்மீ கோப்பில் நன்றி சொல்ற பட்டியல் ஒண்ணு இருக்கு. அரபி மாட்யூல் ஒருத்தர், தாய்லாந்து எழுத்துக்கு ஒருத்தர், கொரிய எழுத்துக்கு ஒருத்தர் என்று போகும். அதில் "தமிழ் மாட்யூல்" என்பதற்கு நேரே சிவராஜ் தொட்டண்ணன் என்ற பெயர். அந்த மாட்யூல் செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளே வர்றது யூனிகோடு தமிழ். ஆனா எக்ஸ் சர்வர்ல கிடைச்சது திஸ்கி ஃபான்ட். மாட்யூல் நடுவில் நின்னு, கொம்பைப் பிரிச்சு, இடம் மாத்தி, திஸ்கி எண்ணாக்கிக் கொடுக்கும். நாளைய குறிமுறையும் நேற்றைய ஃபான்ட்டும் ஒரே திரையில் சேர அது ஒரு பாலம்.

இன்னொரு பக்கம் கேடிஇ டெஸ்க்டாப்புக்கு அடித்தளமான க்யூட் லைப்ரரி. அதுக்குள்ள திஸ்கியைப் படிக்கும் பகுதியை 2000-ல் எழுதினவர் பெயர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர். ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியில் 2002-ல் திஸ்கி மாற்றியைச் சேர்த்தவர் புரூனோ ஹைபிள். பெயரைக் கேட்டாலே தெரியுது, நம்ம ஊர்க்காரங்க இல்லை. நம்ம ஆளுங்க அட்டவணை போட்டு, ஃபான்ட் செஞ்சு, விளக்கம் எழுதி இணையத்தில் திறந்து வச்சிருந்தாங்க. அதனாலதான் அந்நியர் ஒருத்தர் அதை எடுத்து நிரலாக்க முடிஞ்சது. நாம எழுதி வைக்கலைன்னா அவங்களாலும் முடிஞ்சிருக்காது.

அடுத்த சில வருஷத்தில் அடித்தளமே மாறிடுச்சு. கீத் பேக்கார்டு கொண்டுவந்த ரெண்டர் நீட்டிப்பும் எக்ஸ்எஃப்டியும் ஃபான்ட்டைச் சர்வர்கிட்டேயிருந்து செயலி பக்கம் கொண்டுவந்தன. ஃப்ரீடைப் லைப்ரரி கோட்டு வடிவத்தைப் படிச்சுக் கொடுக்கும், ஓரங்கள் வழவழப்பா வரும். 2002 மார்ச்சில் ஜிடிகே 2.0 பாங்கோவோட வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கு ஐபிஎம்மின் எரிக் மேடர் எழுதிய நிரல் பாங்கோவுக்குள்ள வந்தது. 2003-ல் க்யூட் 3.2 இந்திய எழுத்துகளை வரைய ஆரம்பிச்சது. 2004-ல் ரெட் ஹேட் லோஹித் எழுத்துருக்களை எல்லாருக்கும் திறந்து விட்டது, தமிழும் அதில் உண்டு. 2007-ல் சென்னை சிடாக் பாஸ் லினக்ஸை வெளியிட்டபோது, தமிழை வரைய உள்ளே இருந்தது இதே பாங்கோதான்.

ஆனா ஒரு தலைவலி மிச்சம். ஓப்பன்டைப் ஃபான்ட்டைப் படிக்கும் நிரல் ஃப்ரீடைப்பில் பிறந்து, பாங்கோவில் ஒரு நகல், க்யூட்டில் ஒரு நகல் என்று பிரிஞ்சு கிடந்தது. ஒரு இடத்தில் திருத்தின பிழை இன்னொரு இடத்தில் அப்படியே இருக்கும். இந்த நகல்களை ஒண்ணு சேர்த்ததுதான் ஹார்ஃப்பஸ். பெஹ்தாத் எஸ்ஃபாஹ்போத் பிறகு அதை முதலிலிருந்து திரும்ப எழுதினார். பாரசீக மொழியில் அந்தப் பெயருக்குத் "திறந்த எழுத்து" என்று பொருள், ஓப்பன்டைப் என்பதன் நேர் பெயர். பாங்கோ 2012-ல் ஹார்ஃப்பஸுக்கு மாறியது. இன்னைக்கு ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபீஸ் எல்லாத்திலும் அது இருக்கு. ஆண்ட்ராய்டு போனில் உங்களுக்கு வர்ற தமிழ் வாட்ஸ்அப் செய்தியில் கொம்பு சரியான இடத்தில் நிற்குதுன்னா, அதுக்கு அந்த நிரல்தான் காரணம். எக்ஸ் ஃபான்ட் முறை போனதோட சிவராஜின் பழைய மாட்யூலும் ஓய்வு பெற்றுடுச்சு. அதுக்குக் கிடைச்ச நல்ல முடிவு அதுதான்னு நான் நினைக்கிறேன்.

கதை இங்கே முடிஞ்சிருந்தா சந்தோஷம். முடியலை. எங்க பக்கம் சிப்காட் தொழிற்சாலைகளில் மெஷின் ஒவ்வொண்ணிலும் இப்போ ஒரு சின்னத் தொடுதிரை இருக்கு. அதுக்குள்ள ஓடுறது விண்டோஸும் இல்லை, ஆண்ட்ராய்டும் இல்லை. பெரும்பாலும் பெயர் தெரியாத ஒரு குட்டி இயங்குதளம், அதுமேல ஒரு குட்டி கிராஃபிக்ஸ் லைப்ரரி. அப்படிப்பட்ட பல லைப்ரரிகள் இன்னும் அந்தப் பழைய கணக்கில்தான் நிற்குது: ஒரு எண், ஒரு படம். ஒரு பட்டறையில் நான் பார்த்த திரையில் "மேலே" என்ற சொல்லில் முதல் இரட்டைக்கொம்பு ம-வை விட்டுட்டு ல-வோட ஒட்டியிருந்தது, அடுத்தது தனியா அந்தரத்தில் நின்னது. "கையை உள்ளே வைக்காதே" என்ற எச்சரிக்கையின் கதியை நீங்களே யோசிச்சுக்கோங்க. அங்கே வேலை செய்யறவங்க அதைப் படிக்கிறதில்லை. சிவப்பா பச்சையான்னு மட்டும் பார்க்கிறாங்க. எச்சரிக்கை வாசகம் படிக்க முடியாமப் போனா அது வெறும் எழுத்துப்பிழை இல்லை, அது விரல் விஷயம்.

இதைச் சமாளிக்கச் சிலர் தமிழ் வாக்கியத்தைக் கணினியிலேயே படமாக்கி உள்ளே ஏத்துறாங்க. சிலர் உருவங்களுக்குத் தனி எண் கொடுத்து ஒரு ஃபான்ட் செய்யறாங்க. கவனிச்சீங்களா? இது அப்படியே திஸ்கி வழி. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தைய தீர்வு மெஷின் பேனலில் மறுபடி பிறக்குது. வாக்கியம் மாறாத வரைக்கும் அது ஓடும். ஆபரேட்டர் பெயரையோ பார்ட் பெயரையோ தமிழில் தட்டச்சு செய்யணும்னா அங்கேயே உடைஞ்சிடும். ஹார்ஃப்பஸைச் சின்னச் சாதனத்துக்குத் தகுந்த மாதிரி சுருக்கித் தொகுக்கவும் வழி இருக்கு, உரிமமும் தாராளமானது. ஆகத் தடையா நிற்கிறது நிரல் இல்லை. கேட்கிற ஆள் இல்லாததுதான் தடை.

அதனால ஒரு வேண்டுகோள். நீங்க தொழிற்சாலையில் வேலை செய்யறவரா இருந்தா, புது மெஷின் வாங்குற பேச்சு நடக்கும்போது நாலு சொல்லை அந்தத் திரையில் காட்டச் சொல்லுங்க: மேலே, வைக்காதே, தொடாதே, கௌரி. நாலும் சரியா வந்தா பெரும்பாலும் உள்ளே யாரோ ஒழுங்கா வேலை செஞ்சிருக்காங்க. வரலைன்னா, வரவைத்துக் கொடுங்கன்னு ஆர்டரிலேயே எழுதிடுங்க. 2000-ல் கேட்க ஆள் இல்லாத காலத்திலேயே சிலர் செஞ்சு காட்டிட்டாங்க. இப்போ கேட்கிறது மட்டும்தான் நம்ம பங்கு.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.