சீசன்

தென்காசியில் இறங்கி, 'சீசன் எப்படிங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'குற்றாலத்துல தண்ணி நல்லா விழுது' என்று பதில் வரும். என்ன சீசன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்!

விதைப்பைக் குறிக்கும் 'சாட்டியோ' என்ற லத்தீன் சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சீசன்' ஆனது. அங்கே அதற்குப் பல அவதாரம். கிரிக்கெட்டுக்கு சீசன், ரயிலுக்கு சீசன் டிக்கெட். மரத்தை உலர்த்திப் பக்குவப்படுத்தினாலும், சமையலில் மசாலா சேர்த்தாலும் அதே சொல்தான். 'மான்சூன்' மட்டும் என்னவாம்? பருவத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

குற்றாலம் இதில் இரண்டு அர்த்தங்களைப் பார்த்த ஊர். 1800-ஐ ஒட்டி கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஜாதிக்காய், கிராம்பு என்று வாசனைத் தோட்டம் போட்டுப் பார்த்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்றும் சாரலும் வெள்ளைக்காரர்களை ஓய்வெடுக்க இழுத்துவந்தன.

காலண்டரில் ஆனி பிறந்தால் போதாது. மலையில் மழை பெய்யணும். இல்லையென்றால், 'இன்னும் சீசன் ஆரம்பிக்கல' என்பார்கள். கடன் வாங்கிச் சரக்கை அடுக்கிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறாரே கடைக்காரர்... அவருக்கு அந்தச் சொல் இன்றைக்கும் லத்தீன் அர்த்தத்தில்தான் இருக்கிறது. விதைப்பு!