சுமையான ஆதனமும் வங்குரோத்துச் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

கடனிறுக்க வழியற்றவனின் ஆதனங்களைத் திரட்டி விற்று, வரும் பணத்தைக் கடன்கொடுத்தோரிடையே முறைப்படி பங்கிடுவதே வங்குரோத்துச் சட்டத்தின் நோக்கம். இப்பணிக்கென நியமிக்கப்படுபவரே நம்பிக்கைப் பொறுப்பாளர். சேர்ப்பது அவர் கடமையாதலின், எதையும் கைவிட அவருக்கு அதிகாரம் உண்டென்பது முதற்கண் முரணாகத் தோன்றலாம். ஆயின் எல்லா ஆதனமும் செல்வமன்று. பெறுமதியை விஞ்சிய ஈடு சுமத்தப்பட்ட நிலமும், வருவாயை விஞ்சிய வாடகையுடைய குத்தகையும் வைத்திருக்க வைத்திருக்க எஞ்சிய பணத்தையும் விழுங்கிவிடுவன.

உரோமரும் இதனை அறிந்திருந்தனர். கடன் மிகுந்த முதுசத்தைத் ‘தம்னோசா ஹெரெதித்தாஸ்’, அதாவது கேடு தரும் முதுசம், என அவர்தம் சட்ட அறிஞர் காயுஸ் குறிப்பிட்டார். தந்தையின் கடனை மறுக்க வழியின்றிச் சுமக்க நேர்ந்த பிள்ளைகளுக்கு, அம்முதுசத்திலிருந்து விலகி நிற்கும் சலுகையைப் பிரீத்தர் எனும் நீதியதிகாரி வழங்கினார். பல நூற்றாண்டுகளின் பின் ஆங்கில நீதிபதிகள் அதே இலத்தீன் தொடரை வங்குரோத்து வழக்குகளில் எடுத்தாண்டனர். இங்கிலாந்தின் 1869ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டம் அவ்வழக்காற்றை எழுத்தில் வடித்து, பாரமான நிபந்தனைகள் பிணைந்த நிலம், விலைபோகாத கம்பனிப் பங்குகள், இலாபமற்ற ஒப்பந்தங்கள் முதலியவற்றைத் துறக்கும் உரிமையைப் பொறுப்பாளருக்கு அளித்தது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வதிகாரம் நீதிமன்றங்களின் தீர்ப்புகளாலேயே வளர்ந்தது. பிறர் நலனைப் பாதிக்குமிடத்து அதற்கு எல்லை வகுத்தோரும் நீதிபதிகளே. 1952இல் தீர்க்கப்பட்ட ஒட்டன்ஹைமர் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பால்டிமோர் துறைமுகத்தில் நின்ற பழுதடைந்த தட்டைப் படகுகளைக் கைவிட ஒரு பொறுப்பாளர் முயன்றார். கைவிட்டால் அவை அமிழ்ந்து கப்பற் போக்குவரத்தைத் தடுக்கும். அவ்வாறு தடுப்பது சட்டப்படி குற்றம். நீதிபதிகள் ஆக்கிய விதி சட்டமன்றம் இயற்றிய விதிக்கு வழிவிட வேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 1978இல் காங்கிரஸ் புதிய வங்குரோத்துக் கோவையை இயற்றியபோது, சுமையான அல்லது அற்ப பெறுமதியுடைய ஆதனத்தைப் பொறுப்பாளர் கைவிடலாம் என 554ஆம் பிரிவு சுருங்கக் கூறிற்று. பழைய வரையறைகள் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. பின்னெழுந்த பிணக்கின் வித்து இம்மௌனமே.

குவாண்டா றிசோர்சஸ் என்னும் நிறுவனம் நியூ ஜேர்சியின் எட்ஜ்வோட்டரிலும் நியூ யோர்க்கின் லோங் ஐலண்ட் சிற்றியிலும் கழிவெண்ணெயைப் பதப்படுத்தி வந்தது. எட்ஜ்வோட்டரில் பி.சி.பி. எனும் நச்சு இரசாயனம் கலந்த எண்ணெய் 4,00,000 கலனுக்கு மேல், அனுமதிப்பத்திர நிபந்தனையை மீறிப் பெறப்பட்டமை 1981 யூனில் வெளிப்பட்டது. மாநில அரசு வேலையை நிறுத்த ஆணையிட்டது. துப்புரவு பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே, ஒக்டோபர் 6ஆம் நாள், நிறுவனம் வங்குரோத்து நீதிமன்றின் புகலை நாடிற்று. நவம்பரில் வழக்கு முழுக் கலைப்பாக மாற, பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். லோங் ஐலண்ட் சிற்றியில் 70,000 கலனுக்கு மேற்பட்ட நச்செண்ணெய் சிதைந்து ஒழுகும் கலங்களில் கிடந்தது அதன் பின்னரே தெரியவந்தது.

அந்நிலத்தின் மீதிருந்த ஈடுகள் அதன் பெறுமதியை விஞ்சின. வாங்குவார் இலர். 1982 மே மாதம், நியூ யோர்க் மாநிலமும் மாநகரும் எதிர்த்தும், கைவிடுதலுக்கு நீதிமன்றம் இசைந்தது. பொறுப்பாளர் இருபத்துநான்கு மணி நேரக் காவலை விலக்கினார். தீயணைப்பு ஏற்பாட்டையும் நிறுத்தினார். கணக்குப் புத்தகத்தை மட்டும் நோக்கின் இச்செயல் பிழையன்று. காவற்கூலி கடன்கொடுத்தோரின் பணம். ஆயினும் ஒழுகும் எண்ணெய்க் கலங்களை மக்கள் வாழும் நகரொன்றின் நடுவே காவலின்றி விட்டுச் செல்வதை ‘நிருவாகம்’ எனும் சொல்லால் அழைத்தல் அரிது. சட்டப்படி, கைவிடப்பட்ட ஆதனம் கடனாளியிடமே மீளும். இங்கு கடனாளியோ பணமும் பணியாளரும் அற்ற வெறும் பெயர். எனவே துப்புரவு நியூ யோர்க்கின் தலையில் வீழ்ந்தது. அடிமண்ணை நீக்காமலே அதற்கு ஏறத்தாழ 25 இலட்சம் டொலர் செலவாயிற்று. அடுத்த ஆண்டு எட்ஜ்வோட்டர் எண்ணெயும் இவ்வாறே கைவிடப்பட்டது.

மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்விரு கைவிடல்களையும் 1984இல் தள்ளியது. நிறுவனத்துக்கு 6,00,000 டொலர் கடனளித்திருந்த மிட்லாண்டிக் வங்கியும் பொறுப்பாளரும் உயர் நீதிமன்றை நாடினர். 1986 சனவரி 27இல் ஐவருக்கு நால்வர் என்ற சிறு பெரும்பான்மையால் தீர்ப்பு வெளிவந்தது. இனங்காணப்பட்ட ஆபத்திலிருந்து பொதுமக்களின் நலத்தையும் பாதுகாப்பையும் காக்க இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தை மீறிப் பொறுப்பாளர் எதனையும் கைவிடலாகாது என நீதியரசர் பவல் எழுதினார். காங்கிரஸ் பழைய தீர்ப்புகளை அறிந்தே 554ஆம் பிரிவை ஆக்கியது. அவற்றை ஒழிக்க எண்ணியிருந்தால் வெளிப்படையாகக் கூறியிருக்கும் என்பது அவர் வாதம். நீதியரசர் றெங்குவிஸ்ற் இதே மௌனத்தை மறுபுறமாக வாசித்தார்: சட்டம் விலக்கு எதையும் கூறவில்லை, ஆதலின் விலக்கு இல்லை. சட்ட மொழியை மட்டும் கொண்டு தீர்ப்பதாயின் அவர் வாதமே வலியது என்பதை மறுத்தல் கடினம். எனினும், கைவிடும் செயலே உண்மையான அவசர நிலையை உண்டாக்குமாயின் குறுகிய விலக்கொன்றை ஏற்கலாம் என அவரும் கோடிகாட்டினார்.

பெரும்பான்மைத் தீர்ப்பும் தன்னை ஓர் அடிக்குறிப்பால் சுருக்கிக்கொண்டது. உடனடியான, இனங்காணத்தக்க தீங்கு இருந்தாலன்றி இவ்விதி பொருந்தாது என்பது அக்குறிப்பு. அக்குறிப்பின் துணைகொண்டு கீழ் நீதிமன்றங்கள் பின்னர் பல கைவிடல்களுக்கு இசைந்தன. கைவிடத் தடையுண்டு, ஆயின் கையிற் பணமில்லை என்ற நிலையில் பொறுப்பாளர் யாது செய்வது என்பதற்கும் தீர்ப்பில் விடையில்லை.

கனடாவில் இதே பிணக்கு எண்ணெய்க் கிணறுகளின் வடிவில் எழுந்தது. அல்பேட்டா மாகாணத்தின் றெட்வோட்டர் எனும் நிறுவனம் 2015இல் வீழ்ந்தபோது, உரிமம் பெற்ற அதன் 127 சொத்துகளுள் பயன்தரும் சிலவற்றை மட்டும் ஏற்று, வற்றிய கிணறுகளைத் துறக்கப் பொறுப்பாளர் முனைந்தார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அவர்பக்கம் நின்றன. கனடிய உயர் நீதிமன்றமோ 2019 சனவரி 31இல், ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால் அவற்றை மாற்றிற்று. துறத்தல் பொறுப்பாளரைத் தனிப்பட்ட கடப்பாட்டிலிருந்து காக்குமேயன்றி, வங்குரோத்தானவரின் சொத்துத் தொகுதியை விடுவிக்காது; கிணறுகளை மூடும் கடமை கடன்கொடுத்தோரின் பங்கீட்டுக்கு முன்னதாக நிறைவேற்றப்பட வேண்டும் என்றாயிற்று.

எட்ஜ்வோட்டர் நிலம் அமெரிக்க மத்திய அரசின் மிக மாசுற்ற இடங்களின் பட்டியலில் 2002இல் சேர்க்கப்பட்டது. குவாண்டாவின் எண்ணெயோடு, அதற்கு முன்னர் அங்கியங்கிய நிலக்கரித் தார் ஆலையின் எச்சங்களும் மண்ணிற் கலந்திருந்தன.