தாக்குதல் ஆட்டக்காரருக்குத் தற்காப்பு எதற்கு?

மூவார் மாணவர்களுக்குப் பக்ரி தெரிந்த ஊர்தான். 1942 ஜனவரியில் ஜப்பானியப் படையை அங்கே எதிர்த்து நின்ற ஆஸ்திரேலியப் பட்டாளங்களில் ஒன்று 2/29. விக்டோரியா மாநிலத்தில் திரட்டப்பட்ட பட்டாளம் அது. அந்த மாநிலத்துக்காரர்களுக்கு உயிரான ஆட்டம் ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து. 1859இல் மெல்பர்னில் அதற்கு விதிகள் எழுதினார்கள். சிங்கப்பூர் வீழ்ந்து, சாங்கியில் போர்க்கைதிகளாக இருந்தபோதும் ஆஸ்திரேலியர்கள் அதை விடவில்லை. குழு பிரித்துப் போட்டி நடத்தினார்கள்.

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் கட்டுரைப் பயிற்சிக்கு ஏற்ற ஒரு மாற்றம் உண்டு.

குழுவுக்கு 18 பேர். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரமாகப் போனால் 1 புள்ளி. ஆஃப்சைட் விதி கிடையாது. ஆகவே முதன்மைத் தாக்குதல் ஆட்டக்காரர் கோல் முன்னாலேயே நிற்கலாம். எசண்டன் குழுவின் ஜான் கோல்மன் 1949 முதல் 1954 வரை 98 ஆட்டங்களில் 537 கோல் அடித்தார். அந்தக் காலத்தில் கோல் அடிச்சா போதும்.

இன்று அது போதாது. 2008இல் ஹாதோர்ன் குழுவின் லான்ஸ் ஃபிராங்க்ளின் 113 கோல் அடித்தார். அதற்குப் பிறகு ஒரே பருவத்தில் 100 கோலை யாரும் எட்டவில்லை. ஏன்? எதிரணியினர் கூட்டமாகப் பின்வாங்கி, கோல் முன்னால் இருந்த வெற்றிடத்தை அடைத்தார்கள். தாக்குதல் ஆட்டக்காரரும் பந்தை இழந்த கணமே துரத்த வேண்டியதாயிற்று. பந்தோடு ஓடப் பார்க்கும் எதிராளியை மடக்கிப் பிடித்துவிட்டால், கோலுக்குப் பக்கத்திலேயே தனி உதை கிடைக்கலாம். பாருங்கள், தற்காப்பே தாக்குதலாகிவிடுகிறது!

அதற்காக எல்லாரும் துரத்தப் போனால், பந்து திரும்பி வரும்போது கோல் முன்னால் ஆள் இருக்காது. 2017இல் ரிச்மண்ட் குழு இதற்கு வழி கண்டது. உயரமான ஜாக் ரீவோல்ட் உதைக்கு இலக்காக இருந்தார். சுற்றிலும் வேகமான சிறிய ஆட்டக்காரர்கள் எதிராளியை விடாமல் நெருக்கினார்கள். 1980க்குப் பிறகு, 37 ஆண்டு கழித்து, அந்தக் குழு வாகை சூடியது.

மாணவர்களே, இதைக் கட்டுரையாக எழுதும்போது, “ஆட்டக்காரர்களின் திறமை குறைந்துவிட்டது” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். விதி, எதிரணியின் உத்தி, அதற்குப் பிறந்த பதில் உத்தி என்று வரிசையாகக் காட்டுங்கள். எண்ணிக்கை குறைந்தது விளைவு; காரணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. பக்ரிப் போரைப் பற்றி எழுதினாலும் இதே முறைதான்.